நடுக்கடல் பவளப்பாறைக்குக் குழுவாக டைவிங் போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நடுக்கடல் பவளப்பாறைக்குக் கூட்டமாகப் போகலாம் என்று பேச்செடுத்த உடனே கேள்விகள் கிளம்பிவிடும். ஆட்கள் மாறுவார்கள், கேள்விகள் அநேகமாக மாறுவதில்லை. கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். மேலிருந்து கீழாகப் படிப்பது நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தெரிந்துகொண்டதாக வைத்துப் பேசும். பயிற்சியாளர் நேரில் சொல்வதற்கு இது மாற்று இல்லை.

எனக்கு நீச்சல் தெரியாது. ஆனாலும் வரலாமா?

எதற்கு வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சான்றிதழ் தரும் அடிப்படைப் படிப்பில் சேர வேண்டுமென்றால் நீச்சல் தெரிந்தே ஆக வேண்டும். 200 மீட்டர் நீந்திக் காட்டவும், எதையும் பிடிக்காமல் 10 நிமிடம் மிதக்கவும் சொல்வார்கள். ஒரே ஒரு அறிமுக டைவ் என்றால் அவ்வளவு கேட்க மாட்டார்கள். பயிற்சியாளர் கூடவே இருந்து, 12 மீட்டருக்குக் கீழே போகாமல் அழைத்துப்போய்க் கூட்டி வருவார்.

ஆனால் என் கருத்து வேறு. கரையோர அறிமுக டைவில் பயம் வந்தால் காலூன்றி நிற்க மணல் இருக்கும். நடுக்கடலில் படகிலிருந்து அடியெடுத்து வைத்தால் நேராக ஆழம்தான். பயணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறதென்றால் நீச்சல்குளத்துக்குப் போய் மிதக்கவாவது பழகிக்கொள்ளுங்கள். அதற்கும் நேரமில்லையா, லைஃப் ஜாக்கெட் போட்டு ஸ்நார்கெல் பண்ணுங்கள், அதாவது முகத்தை நீரில் வைத்து, குழாய் வழியே மூச்சுவிட்டபடி மேலேயே மிதந்து பாருங்கள். பவளப்பாறையின் மேல்விளிம்பு பல இடங்களில் சில மீட்டர் ஆழத்திலேயே இருக்கும். மீன்களும் வெளிச்சமும் அங்கேதான் அதிகம்.

சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன்தானே?

இல்லை. நாம் இப்போது சுவாசிக்கும் இதே காற்றுதான், வடிகட்டி, அழுத்தி அடைக்கப்பட்டது. ஏறத்தாழ 21 சதவீதம் ஆக்சிஜன், மிச்சம் பெரும்பாலும் நைட்ரஜன். சுத்த ஆக்சிஜனைச் சுவாசித்தபடி 6 மீட்டருக்குக் கீழே போனால் அதுவே நஞ்சாகி வலிப்பு வரலாம். அந்த நைட்ரஜனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அதுதான் பல கேள்விகளுக்குப் பதில்.

ஒரு சிலிண்டர் எவ்வளவு நேரம் வரும்?

வாங்க, கணக்கே போட்டுவிடலாம். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைத்தால் சுமார் 2,400 லிட்டர் காற்று இருக்கும். அதில் 50 பார் மிச்சத்தோடு மேலே வந்து சேர வேண்டும் என்பது வழக்கமான விதி, ஆகவே செலவழிக்கக்கூடியது 1,800 லிட்டர். கடல்மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அதனால் 10 மீட்டரில் அதே மூச்சுக்கு 40 லிட்டர், 20 மீட்டரில் 60 லிட்டர். 10 மீட்டரில் 45 நிமிடம் வருகிற காற்று 20 மீட்டரில் 30 நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

பதற்றப்படுகிறவர், பெரிய உடம்புக்காரர், கையைக் காலை வீசுகிறவர் எல்லோரும் இதைவிட வேகமாகக் காலி செய்வார்கள். குழுவிலேயே உடற்பயிற்சி செய்து முறுக்கேறிய ஆள் முதலில் கையை உயர்த்துவது சகஜம், கேலி பண்ண வேண்டாம். யாருடைய காற்று முதலில் பாதியாகிறதோ அவரோடு அந்தக் குழு திரும்பத் தொடங்கும். "என்னால்தான் எல்லோருக்கும் டைவ் குறைந்தது" என்று நினைத்து அளவுமானியைப் பார்த்தும் சொல்லாமல் இருப்பதுதான் உண்மையான ஆபத்து.

மூச்சை அடக்கி அடக்கி விட்டால் காற்று மிச்சமாகும் அல்லவா?

கூடவே கூடாது. 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரல் நிறையக் காற்றை வைத்துக்கொண்டு மூச்சை அடக்கியபடி மேலே வந்தால் அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியும். நுரையீரல் கிழிந்துபோகும். ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாக ஏறினாலே இது நடக்கலாம் என்பதால் ஆழம் குறைந்த இடத்திலும் விலக்கு கிடையாது. சிலிண்டர் காற்றோடு மூழ்கும் இந்த ஸ்கூபா டைவிங்கின் முதல் விதியே மூச்சை நிறுத்தாமல் சுவாசித்துக்கொண்டே இருப்பதுதான்.

மெதுவாக, ஆழமாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். தேவையில்லாத அசைவைக் குறையுங்கள். காற்று தானாக மிச்சமாகும்.

காது பயங்கரமாக வலிக்குமாமே?

சரியாகச் செய்தால் வலிக்காது. மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயை மூடி மெல்ல ஊதினால் காதுக்குள் காற்று போய் அழுத்தம் சமமாகும். வலி வந்த பிறகு ஊதுவது தப்பு. தண்ணீர்மட்டத்திலேயே ஒருமுறை, பிறகு ஒவ்வொரு மீட்டருக்கும் ஒருமுறை என்று முன்கூட்டியே செய்ய வேண்டும். முதல் 10 மீட்டரில்தான் அழுத்தம் இரட்டிப்பாகிறது என்பதால் பலருக்கும் சிரமமும் அங்கேதான். சமமாகவில்லையா, ஒரு மீட்டர் மேலே ஏறி மறுபடி முயலுங்கள். பலமாக ஊதினால் உள்காது பாதிக்கப்படலாம்.

சளி பிடித்திருந்தால் இறங்காதீர்கள். மாத்திரை போட்டு மூக்கைத் திறந்துகொண்டு இறங்கலாமே என்பார்கள். கீழே இருக்கும்போது மாத்திரையின் வீரியம் தீர்ந்துவிட்டால், உள்ளே போன காற்று வெளியே வர வழியில்லாமல் ஏறும்போது வலி கொல்லும். இறங்காமல் இருந்துவிடலாம், ஏறாமல் இருக்க முடியாதே.

கண்ணாடி போட்டிருக்கிறேன், மீசையும் இருக்கிறது. மாஸ்க் ஒத்துவருமா?

பார்வைக்குறைக்கு ஏற்ற லென்ஸ் வைத்த மாஸ்க் வாடகைக்கே கிடைக்கும், முன்கூட்டியே பவரைச் சொல்லி வைக்க வேண்டும். மென்மையான கான்டாக்ட் லென்ஸும் போடலாம். தண்ணீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும் என்பதால் குறைந்த பவர் உள்ளவர்கள் அப்படியே சமாளித்துவிடுவார்கள். மீசை வழியாகக் கொஞ்சம் தண்ணீர் கசியும், மூக்கால் ஊதி வெளியேற்றப் பழகினால் போதும்.

கரையோரத்திலேயே பவளம் இருக்கும்போது எதற்கு அவ்வளவு தூரம் படகில் போக வேண்டும்?

தண்ணீரின் தெளிவுக்காக. பவளத்தின் திசுவுக்குள் நுண்ணிய பாசிகள் வாழ்கின்றன, அவை சூரிய ஒளியில் உணவு தயாரித்துப் பவளத்துக்கும் கொடுக்கின்றன. ஆற்று வண்டலும் கழிவும் கலந்து கலங்கிய நீரில் அந்த ஒளி போய்ச் சேராது. கரையிலிருந்து தள்ளியிருக்கும் பாறைகளுக்கு அந்தத் தொல்லை குறைவு. கரையை ஒட்டியது, கரைக்கு இணையாக விலகி நிற்பது, நடுவில் நீரைச் சூழ்ந்த வளையம் என்று பவளப்பாறைகளை மூன்றாகப் பிரித்து விளக்கியவர் சார்லஸ் டார்வின், 1842-இல். நாம் பேசுவது பின்னிரண்டைப் பற்றி. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டு சுமார் 2,300 கிலோமீட்டர் நீளம். பிலிப்பைன்ஸின் டுப்பதாஹா போன்ற இடத்துக்குப் படகிலேயே தங்கித்தான் போக முடியும், அதுவும் கடல் அடங்கியிருக்கும் மார்ச் முதல் ஜூன் வரை மட்டும்.

தூரத்துக்கு விலையும் உண்டு. நீரோட்டம் வலுவாக இருக்கும், அலை மறைப்பு இருக்காது, ஆஸ்பத்திரி பல மணி நேரத் தொலைவில் இருக்கும். கீழே நான் கறாராகச் சொல்பவற்றுக்கெல்லாம் இதுதான் காரணம்.

படகில் வாந்தி வந்துவிடும் எனக்கு. என்ன செய்ய?

மாத்திரையை அலை ஆடத் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை, புறப்படுவதற்கு முன்பே போட வேண்டும். எந்த மாத்திரை தூக்கம் வரவழைக்காது என்று டாக்டரிடம் கேட்டு, கரையில் ஒருநாள் போட்டுப் பார்த்துவிடுங்கள். படகின் நடுப்பகுதியில், காற்றோட்டமாக உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள். போனைப் பார்க்காதீர்கள். தண்ணீருக்குள் போய்ச் சில மீட்டர் இறங்கியதும் பெரும்பாலும் குமட்டல் நின்றுவிடும். அங்கேயும் வந்தால்? ரெகுலேட்டரை (சிலிண்டர் காற்றைத் தரும் வாய்க்கருவி) வாயிலிருந்து எடுக்காமல் அதற்குள்ளேயே வாந்தி எடுக்கலாம், பெரும்பாலும் அடைத்துக்கொள்ளாது. கேட்க அருவருப்பாக இருக்கும், தெரிந்திருப்பது நல்லது.

குழுவில் சிலர் நிறைய டைவ் செய்தவர்கள், சிலர் புதியவர்கள். எல்லோரும் ஒன்றாகவே இறங்கலாம்தானே?

ஒன்றாகப் படகேறலாம், ஒன்றாகச் சாப்பிடலாம். தண்ணீருக்குள் பிரிந்துதான் ஆக வேண்டும். அடிப்படைச் சான்றிதழுக்கு 18 மீட்டர், அடுத்த நிலைக்கு 30, பொழுதுபோக்கு டைவிங்கின் கடைசி எல்லை 40. ஒரு ஜோடியில் குறைந்த தகுதி உள்ளவரின் எல்லைதான் இருவருக்கும் எல்லை. "நான் பார்த்துக்கொள்கிறேன், வா" என்று அனுபவசாலி நண்பர் புதியவரைக் கீழே இழுத்துப்போகும் வேலை வேண்டாம். நல்ல நண்பராக இருப்பதும் நல்ல டைவ் மாஸ்டராக (நீருக்கடியில் குழுவை வழிநடத்துபவர்) இருப்பதும் ஒன்றல்ல.

பிரிக்கும்போது சான்றிதழை மட்டும் பார்க்காதீர்கள். கடைசியாக எப்போது தண்ணீரில் இறங்கினார், எவ்வளவு வேகமாகக் காற்றைக் காலி செய்கிறார், கேமரா எடுத்து வருகிறாரா என்பதையும் பாருங்கள். கேமராக்காரர் ஒரே பாறையில் கால்மணி நேரம் நிற்பார், அவரோடு இன்னொரு கேமராக்காரரைச் சேர்த்துவிட்டால் இருவருக்கும் நிம்மதி. கணவன் மனைவி கட்டாயம் ஜோடி சேர வேண்டும் என்றும் இல்லை. ஒருவருக்கொருவர் கவலைப்பட்டே காற்றைத் தீர்க்கும் தம்பதிகளை, தனித்தனி ஜோடியில் போட்டதும் இருவரும் நிதானமாவதைப் பார்க்கலாம். சான்றிதழ் வாங்கிப் பல வருடம் ஆனவர்கள் முதல் நாள் ஆழம் குறைந்த இடத்தில் ஒரு மறுபயிற்சி டைவ் செய்யட்டும், கௌரவம் பார்க்க வேண்டாம்.

இன்னொன்றையும் முதல் நாளே எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுங்கள். யார் வேண்டுமானாலும், எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமல் டைவை வேண்டாம் என்று விடலாம். யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது. கூட்டமாகப் போகும்போது கடலைவிட அதிகம் தள்ளிவிடுவது, "எல்லோரும் இறங்குகிறார்களே" என்ற கூச்சம்தான்.

கடல் மோசமாகி ரத்தானால் பணம்?

பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கேப்டன் போகக் கூடாது என்றால் போகக் கூடாது, குழுவில் வாக்கெடுப்பு நடத்தும் விஷயம் இல்லை. திட்டத்தில் ஒருநாள் உபரியாக வைத்திருந்தால் இந்தச் சண்டையே வராது.

கீழே பேச முடியாதே, எப்படிச் சொல்வது?

கைச்சைகைதான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வட்டமாகச் சேர்ந்தால் "நலம்". உள்ளங்கையைத் தட்டையாக இப்படியும் அப்படியும் ஆட்டினால் "ஏதோ சரியில்லை". கட்டைவிரலை உயர்த்தினால் "மேலே போகலாம்" என்று அர்த்தம், "சூப்பர்" என்று அல்ல. ஆமையைப் பார்த்த உற்சாகத்தில் கட்டைவிரலைக் காட்டினால் மொத்தக் குழுவும் உங்களோடு ஏறத் தொடங்கிவிடும்.

ஜோடியைத் தொலைத்துவிட்டால்? படகு என்னை விட்டுவிட்டுப் போய்விட்டால்?

ஒரு நிமிடம் சுற்றிப் பாருங்கள், மேலேயும் கீழேயும். காணவில்லையா, நிதானமாக மேலே வாருங்கள். அவரும் அதையே செய்திருப்பார், மேலே சந்தித்துக்கொள்ளலாம். கீழேயே தேடிக்கொண்டிருப்பது இருவரையும் இன்னும் விலக்கும். மேலே வந்ததும் டைவிங் ஜாக்கெட்டில் (சிலிண்டரைத் தாங்கும், காற்று நிரப்பினால் மிதக்க வைக்கும் சட்டை) காற்றை நிரப்பி, ஆளுயர வண்ணக் குழாய் மிதவையை ஊதி உயர்த்துங்கள். அலைக்கு நடுவில் தலை மட்டும் படகிலிருந்து தெரியாது. மிதவையும் ஒரு விசிலும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும்.

விட்டுவிட்டுப் போவது நடந்திருக்கிறது. 1998 ஜனவரியில் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் டைவ் செய்த ஒரு தம்பதி ஏறாமலேயே படகு கிளம்பிவிட்டது. இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அவர்கள் கிடைக்கவே இல்லை. அதன் பிறகு அங்கே ஆள் எண்ணும் விதிகள் கடுமையாகின. உங்கள் குழுவிலும் ஒருவர் பட்டியலோடு நின்று, பெயரைக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்த பிறகே டிக் போடட்டும். "எல்லாரும் வந்தாச்சு" என்று யாராவது கத்துவது கணக்கில் சேராது.

சுறா கடிக்குமா?

பவளப்பாறையில் அடிக்கடி தென்படும் வெண்நுனிச் சுறா போன்றவை மனிதரைக் கண்டால் விலகிப்போகும். துரத்தாமல், உணவு காட்டாமல் இருந்தால் போதும். காயங்கள் பெரும்பாலும் வேறு இடத்திலிருந்து வரும். கல் போலவே கிடக்கும் கல்மீனின் முள், சிங்கமீனின் முள், தொட்டால் எரியும் நெருப்புப் பவளம் இவைதான். முள் குத்தினால், தோல் வெந்துபோகாத அளவு சூடான, சுமார் 45 டிகிரி வெந்நீரில் அந்த இடத்தை அரைமணி முதல் ஒன்றரை மணி நேரம் வைப்பது முதலுதவி. பிறகு மருத்துவர்.

டைட்டன் டிரிகர் மீன் முட்டையிட்டிருக்கும் காலத்தில் டைவரை விரட்டும், கடிக்கும். அதன் எல்லை கூட்டிலிருந்து மேல்நோக்கி விரியும் கூம்பு வடிவம். அதனால் மேலே தப்பிக்காமல் பக்கவாட்டில் நீந்தி விலகுங்கள்.

ஒரு சின்னத் துண்டு பவளம் எடுத்து வரலாமா? செத்ததுதானே?

வேண்டாம். செத்த துண்டின் மேல்தான் புதுப் பவளம் ஒட்டி வளர்கிறது, மீன்குஞ்சுகள் ஒளிகின்றன. கல் பவளங்கள் அழியும் நிலை உயிரினங்களுக்கான உலக வணிக உடன்படிக்கையின் பட்டியலில் இருப்பதால் விமான நிலையத்தில் சிக்கலும் வரும். உருண்டைப் பவளம் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்கிறது. ஃபின்னின் (காலில் மாட்டும் நீச்சல் துடுப்பு) ஒரு உதை பத்து இருபது வருட வளர்ச்சியை உடைத்துவிடும். மிதப்புக் கட்டுப்பாடு (மூழ்காமலும் எழாமலும் ஒரே ஆழத்தில் நிற்பது) சரியாக வராதவர்கள் முதல் டைவைப் பவளத்தின் மேல் செய்யாமல் மணல் தரையின் மேல் செய்யட்டும்.

சன்ஸ்கிரீனும் இதோடு சேர்ந்ததுதான். பவளத்துக்குக் கெடுதல் என்று கருதப்படும் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் என்ற ரசாயனங்கள் உள்ளவை பலாவு நாட்டில் 2020 முதல் தடை, ஹவாயில் 2021 முதல் விற்பனைக்குத் தடை. முழுக்கைச் சட்டை போட்டுவிட்டால் பாதி உடம்புக்கு எதுவும் பூச வேண்டியதில்லை.

இவ்வளவு செலவு செய்து போய், பவளமெல்லாம் வெளுத்துக் கிடந்தால்?

நடக்கக்கூடியதுதான். கோடையின் உச்ச வெப்பத்தைவிடக் கடல்நீர் 1 டிகிரி கூடி, வாரக்கணக்கில் அப்படியே நீடித்தால் பவளம் தன்னுள் இருக்கும் பாசிகளை வெளியேற்றி வெளுத்துவிடும். வெளுத்தது செத்தது என்று அர்த்தமில்லை. நீர் சீக்கிரம் குளிர்ந்தால் மீளும். 1998, 2010, 2014 முதல் 2017 வரை என்று உலகளாவிய வெளுப்பு நிகழ்ந்தது. நான்காவது நிகழ்வை 2024 ஏப்ரலில் விஞ்ஞானிகள் உறுதிசெய்தார்கள். தேதி குறிக்கும் முன் அங்கே சமீபத்தில் இறங்கியவர்களிடம் நேராகக் கேளுங்கள், விளம்பரப் படத்தை நம்பாதீர்கள்.

படத்தில் தெரியும் சிவப்பும் ஆரஞ்சும் நேரில் தெரியாவிட்டால் அது வெளுப்பு இல்லை. நீர் சிவப்பு ஒளியை முதல் சில மீட்டரிலேயே விழுங்கிவிடும். ஒரு டார்ச் எடுத்துப் போங்கள்.

லேசான ஆஸ்துமா இருக்கிறது. மருத்துவப் படிவத்தில் "இல்லை" என்று போட்டுவிடலாமா?

படிவம் கம்பெனிக்காக இல்லை, உங்களுக்காக. சுருங்கிய மூச்சுக்குழலில் காற்று சிக்கினால், மூச்சை அடக்கும் கேள்வியில் சொன்ன அதே ஆபத்து நீங்கள் அடக்காமலே வரும். "ஆம்" என்று போட்டால் உடனே கதவை மூட மாட்டார்கள், மருத்துவரின் ஒப்புதல் கேட்பார்கள். பலருக்கும் அது கிடைக்கிறது. புறப்படுவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள், துறைமுகத்தில் நின்றுகொண்டு டாக்டரைத் தேட முடியாது. 45 வயது தாண்டியவர்கள் இதயத்தையும் சோதித்துக்கொள்வது நல்லது. டைவிங் மரணங்களில் மாரடைப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

மாதவிடாய் நாளில் இறங்கலாமா? கர்ப்பமாக இருந்தால்?

மாதவிடாய் தடையில்லை, சுறா வரும் என்பதெல்லாம் கதை. கர்ப்பமாக இருந்தால், இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தாலும், ஸ்கூபா வேண்டாம். கருவின் ரத்தம் நுரையீரலைச் சுற்றிக் கடந்துவிடுவதால், குமிழி உருவானால் வடிகட்ட வழியில்லை. ஸ்நார்கெல் பண்ணலாம்.

டைவ் கம்ப்யூட்டர் ஆளுக்கு ஒன்று வேண்டுமா? டைவ் மாஸ்டரிடம் இருக்கிறதே.

ஆளுக்கு ஒன்று வேண்டும். உங்கள் ஆழத்தையும் நேரத்தையும் அளந்து, எப்போது எப்படி ஏறுவது என்று காட்டும் சின்னக் கருவி அது. ஆழத்தில் இருக்கும்போது நைட்ரஜன் உடம்பின் திசுக்களில் கரைகிறது. வேகமாக ஏறினால் அது குமிழியாகி மூட்டிலும் நரம்பிலும் தங்கும். படிப்படியாக ஏறினால் தப்பலாம் என்று ஆடுகளை வைத்துச் சோதித்து அட்டவணை தந்தது ஜான் ஸ்காட் ஹால்டேனும் கூட்டாளிகளும், 1908-இல். கம்ப்யூட்டர் அதே வேலையை நொடிக்கு நொடி செய்கிறது. டைவ் மாஸ்டர் உங்களுக்கு 3 மீட்டர் மேலே நீந்தியிருந்தால் அவர் கணக்கு உங்கள் கணக்கு ஆகாது. நிமிடத்துக்கு 9 மீட்டரைத் தாண்டாமல் ஏறி, 5 மீட்டரில் 3 நிமிடம் நில்லுங்கள்.

நைட்ராக்ஸ் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆக்சிஜனை 32 சதவீதம் ஆக்கி நைட்ரஜனைக் குறைத்த காற்று. தினமும் மூன்று நான்கு முறை இறங்கும் படகுப் பயணத்துக்கு நல்லது. தனிப் பயிற்சி வேண்டும், ஆக்சிஜன் நஞ்சாவது பற்றி முன்பே சொன்ன காரணத்தால் சுமார் 34 மீட்டருக்குக் கீழே போகவும் கூடாது.

கடைசி நாள் மதியம் ஃப்ளைட். காலையில் ஒரே ஒரு டைவ் போட்டுக்கொள்ளலாமா?

முடியாது. விமானத்துக்குள் அழுத்தம் குறைவு, மிச்ச நைட்ரஜன் அங்கே குமிழியாகும். ஒரே ஒரு டைவுக்குப் பிறகு குறைந்தது 12 மணி நேரம், பல நாள் பல டைவ் செய்தவர்களுக்கு குறைந்தது 18 மணி நேரம் என்பது வழிகாட்டுதல். 24 என்று வைத்துக்கொண்டால் கணக்குப் போடவே தேவையில்லை. உயரமான மலைப்பாதையில் காரில் போவதும் இதே கணக்குதான். கடைசி நாளை ஸ்நார்கெலுக்கு விடுங்கள்.

டைவ் முடித்த இரவு தோள் வலிக்கிறது, விரல் மரத்துப்போகிறது. அசதிதானே?

அசதி என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். மூட்டு வலி, மரமரப்பு, தலைசுற்றல், தோலில் பளிங்கு போன்ற திட்டு, காரணமில்லாத கடும் சோர்வு இவையெல்லாம் நைட்ரஜன் குமிழியின் அடையாளமாக இருக்கலாம். பெரும்பாலும் முதல் சில மணி நேரத்திலேயே தெரியும். டைவ் மாஸ்டரை உடனே எழுப்புங்கள். சுத்த ஆக்சிஜன் முகமூடி வழியே கொடுக்க வேண்டும், படுக்க வைக்க வேண்டும், நினைவு தெளிவாக இருந்தால் தண்ணீர் குடிக்கலாம். மறுபடி கீழே இறங்கிச் சரிசெய்கிறேன் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். வலி ஆக்சிஜனில் குறைந்துவிட்டாலும் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். முழுச் சிகிச்சை உயர் அழுத்த அறையில்தான்.

அதனால் பதிவு செய்யும்போதே மூன்று விஷயம் கேளுங்கள்: படகில் ஆக்சிஜன் பெட்டி இருக்கிறதா, அது எத்தனை மணி நேரம் வரும், அருகிலுள்ள உயர் அழுத்த அறை எங்கே. சாதாரணப் பயணக் காப்பீடு பல சமயம் ஸ்கூபாவைச் சேர்ப்பதில்லை, சேர்த்தாலும் ஆழத்துக்கு வரம்பு வைக்கும். 1980-இல் தொடங்கிய டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் டைவர்களுக்கென்று காப்பீடும் 24 மணி நேர அவசர எண்ணும் வைத்திருக்கிறது. அந்த எண்ணைக் குழுவில் எல்லோருடைய போனிலும் ஏற்றிவிடுங்கள். நடுக்கடலில் சிக்னல் இருக்காது என்பதால், படகில் சாட்டிலைட் போன் இருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.